எல்லைக்கோட்டுக்கு உள்ளே எது, வெளியே எது? – விளையாட்டு நிகழ்வுகளும் நிலைத்தன்மையும்: வாசகர் கேள்வி பதில்

விளையாட்டுப் போட்டிகளை நடத்துவோர் சுற்றுச்சூழல், சமூகம், ஆளுகை ஆகிய மூன்றுக்கும் (ஆங்கிலச் சுருக்கம் ஈ.எஸ்.ஜி.) கணக்குக் காட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கடிதங்களைச் சேர்த்துக்கொண்டேன்.

ஈ.எஸ்.ஜி. என்பது பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் வருகிற சொல். பத்து நாளில் முடிந்துவிடும் விளையாட்டுப் போட்டிக்கு அதில் என்ன வேலை? – வணிகவியல் மாணவி ஒருவர்

சொல் முதலீட்டு உலகத்தில் இருந்து வந்ததுதான். 2004இல் ஐ.நா. ஆதரவில் வெளிவந்த ஓர் அறிக்கை வழியாகப் பரவி, ஒரு நிறுவனம் இயற்கையை எப்படி நடத்துகிறது, மனிதர்களை எப்படி நடத்துகிறது, தன்னைத் தானே எப்படி நிர்வகித்துக்கொள்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கான சுருக்கப் பெயராக அது நிலைத்துவிட்டது. உங்கள் கேள்வியில் உள்ள ‘பத்து நாள்’ என்ற சொல்லையே பிடித்துக்கொள்கிறேன். ஒரு தொழிற்சாலை இந்த ஆண்டு தவறு செய்தால் அடுத்த ஆண்டும் அதே முகவரியில் இருக்கும். கேட்பவர்கள் போய்க் கேட்கலாம். பெரிய போட்டியின் ஏற்பாட்டுக் குழுவோ சில ஆண்டுகளுக்கென்று உருவாகி, பெருந்தொகையைச் செலவழித்து, நிறைவு விழாவுக்குப் பிறகு சில மாதங்களில் கலைந்துவிடுகிறது. பராமரிக்க ஆளில்லாத அரங்கமும், சம்பள பாக்கியும், வெட்டிய மரங்களும் வெளியே தெரிய வரும்போது பதில் சொல்வதற்கு அந்தப் பெயரில் யாரும் இருப்பதில்லை. ஆகவே எதற்கு யார் பொறுப்பு என்பதைப் போட்டிக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளும் தேவை, நிலையான நிறுவனத்தைவிடப் போட்டிக் குழுவுக்கே அதிகம் என்பேன்.

எங்கள் குழு நடத்தும் நெடுந்தூர ஓட்டத்தில் இந்த ஆண்டு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை அடியோடு நிறுத்திவிட்டுக் காகிதக் கோப்பைகளுக்கு மாறிவிட்டோம். இதைப் ‘பசுமை ஓட்டம்’ என்று விளம்பரப்படுத்தலாமா? – ஓட்டக் குழுச் செயலாளர் ஒருவர்

பாட்டிலை நிறுத்தியதற்குப் பாராட்டு. விளம்பரத்துக்கு மட்டும் அவசரப்படாதீர்கள்.

காகிதக் கோப்பை என்று நாம் சொல்வதன் உட்புறத்தில் தண்ணீர் ஊறாமல் இருக்க மெல்லிய பாலிஎத்திலீன் பூச்சு இருக்கும். அதைப் பிரித்தெடுக்கும் வசதி உள்ள ஆலைக்குப் போனால் ஒழிய அது மறுசுழற்சிக்கு உதவாது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓட்டத்தில் தண்ணீர் மேசை ஒன்றில் தன்னார்வலராக நின்றிருக்கிறேன். விடியற்காலையில் கோப்பைகளை வரிசையாக அடுக்கி, முக்கால் அளவு நிரப்பி வைத்திருந்தோம். முதல் கூட்டம் வந்ததும் ஒவ்வொருவரும் ஓடியபடியே ஒன்றைப் பறித்து, ஒரு மிடறு குடித்து, மீதியைத் தலையில் ஊற்றியோ ஊற்றாமலோ சாலையில் எறிந்துவிட்டுப் போனார்கள். அரை மணி நேரத்தில் சாலை வழுக்கத் தொடங்கியது; துடைப்பத்தோடு நின்ற பெண்கள் ஓடுகிறவர்களின் கால்களுக்கு இடையே புகுந்து கோப்பைகளை ஓரமாகத் தள்ள வேண்டியிருந்தது. குப்பைத் தொட்டிகளை மேசைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தோம், ஆனால் ஓடுகிறவர் கோப்பையைக் காலி செய்வதற்குள் நூறு, இருநூறு மீட்டர் தாண்டிவிடுகிறார் என்பதால் தொட்டிகள் காலியாகவே இருந்தன. கடைசியில் சாக்குகளில் அள்ளிய நனைந்த கோப்பைகளைப் பழைய காகிதமாக எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது, பொருளை மாற்றுவதற்கு முன் பழக்கத்தையும் இடத்தையும் கவனிக்க வேண்டும் என்பதே. தொட்டிகளை மேசையைத் தாண்டிச் சற்றுத் தொலைவில், நீண்ட வரிசையாக வையுங்கள். கோப்பையைப் பாதியளவு மட்டும் நிரப்புங்கள். மடித்து இடுப்பில் செருகிக்கொள்ளும் சொந்தக் கோப்பையோடு வருகிறவர்களுக்குத் தனிக் குழாய் வரிசை ஒன்றை ஒதுக்குங்கள். லண்டன் மாரத்தானில் 2019ஆம் ஆண்டு, கடற்பாசியிலிருந்து எடுத்த பொருளால் செய்த, உறையோடு விழுங்கிவிடக்கூடிய சிறு பானப் பைகளை 30,000க்கும் மேல் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல முயற்சிதான், என்றாலும் எல்லா ஓட்டங்களுக்கும் எட்டும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை. கண்ணுக்குத் தெரியும் இடத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் ஒரு காட்சி கிடைத்தது. அங்கே பானங்களை மறுபயன்பாட்டுக் கோப்பைகளில்தான் விற்றார்கள். ஆனால் பல கடைகளில் அந்தக் கோப்பைக்குள் பிளாஸ்டிக் பாட்டிலைத் திறந்து ஊற்றிக் கொடுத்ததைப் பார்வையாளர்களே பார்த்துக் கேள்வி எழுப்பினார்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் இல்லாத விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஓட்டம் அதிகாலையில் தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் பேருந்தோ ரயிலோ ஓடத் தொடங்கியிருக்குமா? ஓடாவிட்டால், ஓட வருகிற ஒவ்வொருவரும் காரிலோ இருசக்கர வாகனத்திலோதான் வந்தாக வேண்டும். அவர்களை வழியனுப்ப வருகிறவர்களும் அப்படியே. இப்படிப்பட்ட நிகழ்வுகளின் கார்பன் தடத்தில், அதாவது அவற்றால் வெளியாகும் மொத்தக் கரிம உமிழ்வில், பெரும்பங்கு வந்து போகிற பயணத்தால் ஏற்படுவது. அதன் பக்கத்தில் வைத்தால் தண்ணீர் பாட்டில் மிகச் சிறியது. தொடக்க நேரத்தைத் தள்ளி வைத்தால் வெயில் ஏறிவிடும், அது ஓடுகிறவர்களின் உடலுக்கு ஆபத்து. ஆகவே போக்குவரத்துத் துறையிடம் அன்று ஒருநாள் மட்டும் முதல் வண்டியை முன்கூட்டியே விடச் சொல்லிக் கேட்பதுதான் வழி. அந்த ஒரு கடிதம் ஆயிரக்கணக்கான கோப்பைகளைவிடக் கூடுதலாக வேலை செய்யும். ஒலிபெருக்கிக்கும் வரவேற்பு வளைவுக்கும் ஓடுகிற டீசல் ஜெனரேட்டரையும் மறந்துவிடாதீர்கள். பக்கத்தில் மின் இணைப்பு கிடைக்குமா என்று பாருங்கள்.

விளம்பரத்தில் ‘பசுமை’ என்ற சொல்லை விட்டுவிட்டு, ‘இந்த ஆண்டு பிளாஸ்டிக் பாட்டில் இல்லை’ என்று போடுங்கள். அது உண்மை, அதை யாரும் மறுக்க முடியாது.

‘கார்பன் சமநிலை’ அடைந்த போட்டி என்று அறிவிக்கிறார்கள். அதை நம்பலாமா? எப்படிச் சரிபார்ப்பது? – பொறியாளர் ஒருவர். இதே கேள்வியை வேறு மூவர்

பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதைக் கோடுதான் தீர்மானிக்கிறது. கார்பன் கணக்கிலும் அப்படித்தான், ஒரு வேறுபாட்டோடு: இங்கே கோட்டைப் போடுகிறவரே ஆடுகிறவராகவும் இருக்கிறார்.

கத்தார் 2022 கால்பந்து உலகக் கோப்பையைப் பாருங்கள். அதன் மொத்த உமிழ்வு சுமார் 36 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று ஃபிஃபா தரப்பு முன்கூட்டியே மதிப்பிட்டு, அதைக் கார்பன் வரவுகள் (வேறிடத்தில் உமிழ்வைக் குறைத்ததற்கான சான்றுகள்) வாங்கி ஈடுசெய்துவிடுவோம் என்றது. அதைக் ‘கார்பன் சமநிலை’ என்று விளம்பரமும் செய்தது. புதிதாகக் கட்டிய நிரந்தர அரங்கங்களின் உமிழ்வு முழுவதும் அந்தக் கணக்கில் வரவில்லை. அரங்கம் பல பத்தாண்டுகள் நிற்கும், எங்கள் போட்டி அதில் சில வாரங்கள்தான் நடக்கிறது, எனவே அந்தச் சில வாரங்களுக்குரிய பங்கு மட்டுமே எங்களுடையது என்று கோடு போட்டார்கள். மீதிப் பல பத்தாண்டுகளும் அத்தனை அரங்கங்களும் தொடர்ந்து பயன்படும் என்றால் இந்த வாதம் சரி. போட்டி இல்லாவிட்டால் அவை கட்டப்பட்டே இருக்காது என்றால் முழுச் சுமையும் போட்டியுடையதுதான். கார்பன் சந்தைகளைக் கண்காணிக்கும் ஐரோப்பிய அமைப்பான கார்பன் மார்க்கெட் வாட்ச் இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியது. பிறகு ஐந்து நாடுகளிலிருந்து புகார்கள் போய், சுவிட்சர்லாந்தில் விளம்பர நேர்மையைக் கவனிக்கும் ஆணையம் 2023 ஜூனில் அந்த விளம்பர வாசகங்களுக்கு ஃபிஃபா ஆதாரம் காட்டவில்லை என்று தீர்ப்பளித்தது. அந்த ஆணையத்துக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. ஆனாலும் இவ்வளவு பெரிய போட்டியின் கணக்கைப் பிடித்து நிறுத்திக் கேட்க முடிந்ததே என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

சரிபார்க்க விரும்புகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். அறிக்கையின் முதல் பக்கத்தை விட்டுவிட்டு, ‘கணக்கின் எல்லை’ என்று நடுவில் எங்கோ சிறிய எழுத்தில் வரும் பகுதிக்குப் போங்கள். பார்வையாளர்களின் விமானப் பயணம் உள்ளே இருக்கிறதா? கட்டுமானம் முழுதாக இருக்கிறதா, பங்காக இருக்கிறதா? குறைத்தது எவ்வளவு, விலைக்கு வாங்கி ஈடுசெய்தது எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்களா? பாரிஸ் 2024 ஏற்பாட்டாளர்கள் தொடக்கத்தில் ‘கார்பன் சமநிலை’க்கும் மேலான பெரிய சொற்களைப் பயன்படுத்திவிட்டு, பின்னர் அவற்றைக் கைவிட்டு, லண்டன் 2012, ரியோ 2016 ஆகியவற்றின் சராசரியில் பாதியாகக் குறைப்போம் என்ற எளிய இலக்குக்கு வந்தார்கள். 95 விழுக்காடு அரங்கங்கள் ஏற்கெனவே இருந்தவை அல்லது தற்காலிகமானவை என்பதால் அது முடிந்தது. அவர்களுடைய இறுதிக் கணக்கு சுமார் 15.9 லட்சம் டன். அதிலும் பாதிக்கு மேல் பயணம்தான். அது ஏற்பாட்டாளரின் கைக்கு எளிதில் அடங்குவதில்லை.

முற்றிலும் அடங்காது என்றும் சொல்ல மாட்டேன். ஜெர்மனியில் நடந்த யூரோ 2024 கால்பந்துப் போட்டியில், குழுச்சுற்று ஆட்டங்களை வட்டார வாரியாகப் பிரித்து அணிகளும் ரசிகர்களும் நாட்டின் குறுக்கே அலைவதைக் குறைத்தார்கள். ஆட்டத்துக்கான நுழைவுச் சீட்டிலேயே 36 மணி நேரத்துக்கு உள்ளூர்ப் பொதுப் போக்குவரத்தில் இலவசமாகப் பயணிக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அட்டவணை போடுகிறவரின் மேசையில் பேனா முனையில் நடக்கிற வேலை இது.

கார்ப் பந்தயத்தைத் தடை செய்தால் எவ்வளவு பெட்ரோல் மிச்சம்! இதை ஏன் யாரும் சொல்வதில்லை? – ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர்

ஃபார்முலா 1 நிர்வாகம் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, ஓர் ஆண்டில் வெளியான சுமார் 2,56,000 டன் கார்பன் உமிழ்வில் பந்தயக் கார்களின் எஞ்சின்களால் ஆனது வெறும் 0.7 விழுக்காடு. ஏறத்தாழ 45 விழுக்காடு, கார்களையும் டயர்களையும் கருவிகளையும் கண்டம் விட்டுக் கண்டம் சுமந்து சென்றதால் ஆனது. பந்தயங்களைப் புவியியல் வரிசையில் அடுக்க அவர்கள் மெல்ல முயன்று வருகிறார்கள். ஜப்பான் பந்தயத்தை 2024 முதல் இலையுதிர் காலத்திலிருந்து ஏப்ரலுக்கு மாற்றியது அதன் ஒரு பகுதி. உங்கள் கோபம் நியாயமானது, அதைச் சரக்கு விமானங்களின் பக்கம் திருப்புங்கள்.

புதிய அரங்கம் கட்டுவதா, தற்காலிக அரங்கம் போதுமா? – கட்டடக்கலை மாணவர் ஒருவர்

மாண்ட்ரியல் 1976 ஒலிம்பிக் அரங்கத்துக்காக வாங்கிய கடன் 2006இல்தான் அடைந்தது. போட்டியைப் பார்த்த குழந்தைகள் நடுவயதை எட்டும் வரை வரி கட்டியிருக்கிறார்கள். ஏதென்ஸ் 2004க்குக் கட்டிய பல அரங்கங்கள் பாழடைந்த படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எனவே ‘தற்காலிகம்’ என்ற சொல்லுக்கு இன்று நல்ல மதிப்பு. கத்தாரில் 974 சரக்குப் பெட்டகங்களைக் கொண்டு, கழற்றி எடுத்துச் செல்லத்தக்கதாக ஓர் அரங்கமே எழுப்பினார்கள். கழற்றிப் பூட்டுவதற்கு ஏற்ற கட்டமைப்புக்கு இரும்பு நிறைய வேண்டும். வேறோர் இடத்தில் மறுபடி எழும்பினால்தான் அந்த இரும்புக்கு நியாயம் கிடைக்கும். கொண்டு போக வேண்டிய தூரம் கூடக் கூட அந்த நியாயமும் கரைந்துவிடும்.

லண்டன் 2012இல் இரண்டுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. கூடைப்பந்து அரங்கம் தற்காலிகமாகவே திட்டமிடப்பட்டு, போட்டிக்குப் பின் பிரித்தெடுக்கப்பட்டது. முதன்மை அரங்கத்தை 80,000 இருக்கைகளோடு கட்டி, போட்டி முடிந்ததும் மேலடுக்கில் உள்ள 55,000ஐ நீக்கி, 25,000 பேருக்கான தடகள அரங்கமாகச் சுருக்குவது என்று வடிவமைத்தார்கள். வரைபடம் அழகுதான். பிறகு அங்கே யார் குடியிருக்கப் போகிறார்கள் என்பது முடிவாகாமலே வேலை தொடங்கிவிட்டது. கடைசியில் ஒரு கால்பந்துக் கழகம் வர, கூரையை மாற்றி, இருக்கைகளை மாற்றி அமைக்க 30 கோடி பவுண்டுக்கும் மேல் செலவானது. அடுத்த குடித்தனக்காரர் யார் என்று தெரிந்த பிறகே முதல் கோட்டைப் போடுங்கள் என்று உங்கள் ஆசிரியர்கள் சொல்லியிருப்பார்கள். போட்டி நாள் நெருங்கும்போது அதைக் கேட்கிறவர்கள் குறைவு.

சமூகம் என்ற பகுதியில் மரக்கன்று, ரத்ததானம், ஏழை மாணவர்களுக்கு இலவசச் சீட்டு என்று எழுதினால் போதுமா? – கல்லூரி விளையாட்டுத் துறைப் பேராசிரியை ஒருவர்

போதாது. மரக்கன்று அந்தப் பகுதியிலேயே வராது என்பது வேறு.

சமூகக் கணக்கு, நிகழ்வை நடத்திக் கொடுக்கிற கைகளிலிருந்து தொடங்க வேண்டும். பந்தல் கட்டுகிறவருக்கும் கழிப்பறை சுத்தம் செய்கிறவருக்கும் காவலுக்கு நிற்கிறவருக்கும் கூலி நேரடியாகப் போகிறதா, இரண்டு மூன்று ஒப்பந்தக்காரர்களின் கைமாறிப் போகிறதா என்று பாருங்கள். கத்தாரில் வேலைக்குப் போன புலம்பெயர் தொழிலாளர்களில் பலர் அந்த வேலையைப் பெறவே முகவர்களுக்குப் பணம் கட்டி, கடனோடுதான் விமானம் ஏறினார்கள். பிறகு அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுக்கும்படி அரங்க ஒப்பந்ததாரர்களை ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. தன்னார்வலர்களையும் யோசித்துப் பாருங்கள். சம்பளம் கொடுக்க வேண்டிய வேலையைச் சட்டையும் சான்றிதழும் கொடுத்து முடித்துக்கொள்கிறோமா? பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் நிற்கிற மாணவருக்கு உட்கார நாற்காலி உண்டா?

பிறகு பார்வையாளர்கள். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு இடம் ஒதுக்கிவிட்டு, முன் வரிசையினர் கோல் விழும்போது எழுந்து நின்றால் அவருக்கு ஒன்றும் தெரியாத உயரத்தில் அந்த இடத்தை அமைத்திருப்பதைப் பல அரங்கங்களில் காணலாம். பெண்கள் கழிப்பறை வாசலில் இடைவேளை முழுவதும் வரிசை நிற்பதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம், கடிகாரம் போதும்.

சுற்றுச்சூழல், சமூகம், ஆளுகை மூன்றில் எது முக்கியம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால்? – வாசகர் ஒருவர்

ஆளுகை. தயக்கமில்லாமல் சொல்கிறேன், மற்ற இரண்டும் அதன் மேல்தான் நிற்கின்றன.

1992 முதல் 2020 வரை நடந்த 16 ஒலிம்பிக் போட்டிகளை ஒப்பிட்டு 2021இல் நேச்சர் சஸ்டெயினபிலிட்டி என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. அதில் நிலைத்தன்மையில் முதலிடம் பெற்றது சால்ட் லேக் சிட்டி 2002. கடைசியில் நின்றவை சோச்சி 2014, ரியோ 2016. போட்டியைப் பெறுவதற்காகப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு உறுப்பினர்களுக்குப் பணமும் பரிசும் கொடுத்த விவகாரம் 1998இல் வெடித்ததும் இதே சால்ட் லேக் சிட்டியில்தான். பத்து உறுப்பினர்கள் விலகவோ விலக்கப்படவோ நேர்ந்தது; நெறிமுறை ஆணையம் ஒன்று 1999இல் அமைந்தது. மதிப்பெண் பட்டியலை மட்டும் படிக்கிறவருக்கு இந்தக் கதை தெரியாது. எதை அளக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று எனக்கு இது அடிக்கடி நினைவூட்டும்.

யார் சரிபார்ப்பது என்பதே ஆளுகையின் நடுக்கேள்வி. லண்டன் 2012க்கு ஏற்பாட்டுக் குழுவுக்கு வெளியே ஒரு கண்காணிப்பு ஆணையம் இருந்தது. குறைகளைப் பகிரங்கமாகவே எழுதியது. அரங்கத்தைச் சுற்றிய அலங்காரத் திரைக்கான வாய்ப்பை டவ் கெமிக்கலுக்குக் கொடுத்தபோது, போபால் விபத்துக்குக் காரணமான யூனியன் கார்பைடைப் பின்னர் வாங்கிய நிறுவனம் அது என்று சுட்டிக்காட்டி, ஆணையத்தின் உறுப்பினர் மெரடித் அலெக்சாண்டர் 2012 ஜனவரியில் பதவி விலகினார். ஆணையம் அந்த ஒப்பந்தத்தைத் தடுத்துவிடவில்லை. ஆனால் விலகல் என்ற ஒன்று நடக்கவும் அதைப் பத்திரிகைகள் எழுதவும் இடம் இருந்தது.

அதே ஆண்டில் வந்த, பன்னாட்டுத் தரப்படுத்தல் அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 20121 என்ற தரநிலையைப் பற்றியும் இருவர் கேட்டிருந்தார்கள். நிகழ்வு மேலாண்மைக்கான அந்தத் தரநிலை 2024இல் திருத்தி வெளியிடப்பட்டது. இலக்கு வைத்தீர்களா, பொறுப்பாளரை நியமித்தீர்களா, பாதிக்கப்படுகிறவர்களிடம் பேசினீர்களா, அளந்தீர்களா, திருத்திக்கொண்டீர்களா என்று நடைமுறையை அது கேட்கிறது. இவ்வளவு டன்னுக்குள் இருக்க வேண்டும் என்று அளவு எதையும் விதிப்பதில்லை. சான்றிதழ் தொங்குகிற அலுவலகத்திலும் உமிழ்வு கூடலாம்.

வீட்டு இழுப்பறை நிறைய ஓட்டப் பதக்கங்கள் கிடக்கின்றன. ‘எனக்குப் பதக்கம் வேண்டாம்’ என்று சொன்னால் ஏற்பாட்டாளர்கள் விசித்திரமாகப் பார்க்கிறார்கள். நான் செய்வது தவறா? – ஓட்ட வீரர் ஒருவர்

தவறில்லை, சொல்கிற நேரம்தான் பிந்திவிடுகிறது. டோக்கியோ 2020க்கு ஜப்பான் மக்கள் கொடுத்த சுமார் 62 லட்சம் பழைய கைபேசிகளையும் பிற சிறு மின்னணுக் கருவிகளையும் உருக்கி, ஏறத்தாழ 5,000 பதக்கங்களுக்கான உலோகத்தை எடுத்தார்கள். அதே போட்டியில் பார்வையாளர்கள் வரத் தடை என்று ஆன பிறகும் ஊழியர்களுக்கான உணவு பழைய எண்ணிக்கையிலேயே வந்துகொண்டிருக்க, ஒரு மாதத்தில் சுமார் 1,30,000 உணவுப் பொட்டலங்கள் வீணாயின. ஆள் குறைந்த செய்தி சமையல்கூடத்துக்குச் சென்ற உத்தரவில் ஏறவில்லை.

உங்கள் பதக்கமும் அப்படித்தான். ஓட்டம் முடிந்த கோட்டில் நீங்கள் வேண்டாம் என்று கை அசைக்கும்போது அது வார்க்கப்பட்டு, நாடா கோக்கப்பட்டு, பெட்டியில் வந்து இறங்கியிருக்கும்; ஆண்டு பொறித்திருப்பதால் அடுத்த ஆண்டுக்கும் உதவாது. பதிவுப் படிவத்தில் ‘பதக்கம் வேண்டுமா, சட்டை வேண்டுமா’ என்று இரண்டு கட்டங்களை வைக்கச் சொல்லி ஏற்பாட்டாளருக்கு இப்போதே எழுதுங்கள். பதக்கத்துக்கு அவர் எண்ணிக்கை கொடுப்பதற்கு முன் பதிவு முடிய வேண்டும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.